அம்மாவும் ஒத்துழைத்தார்

கண்ணு,

முதலில் மன்னித்துக்கொள். பக்கத்து அறையில் இருக்கிற மகனுக்கு அம்மா கடிதம் எழுதுவதே விசித்திரம். அதை ஊரார் படிக்கிற இடத்தில் எழுதுவது அதைவிட விசித்திரம். வீட்டுச் சங்கதியை வெளியில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சே வராது. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது பதில் சொல்லக் குரல் எழாமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கியவள் நான். உன்னிடம் நேரில் ஆரம்பித்தால் நீ "செரி, விடும்மா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். இத்தனை வருடம் அப்படித்தான் விட்டிருக்கிறேன். ஆனால் நம் வீட்டுக் கதையை முதலில் வெளியில் எழுதியது நீதான். போன மாதம் இன்டர்நெட்டில் நீ எழுதிப் போட்டதை உன் நண்பர்கள் மட்டுமா படித்தார்கள்? முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் படித்துப் பாராட்டினார்கள். அதனால் பதிலையும் வெளியில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இருபது வருட வீட்டுக் கடனைப் பதினோரு வருடத்தில் அடைத்த என் அப்பா" என்று தலைப்பு வைத்திருந்தாய். வீட்டுக்கு முன்னால் உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். அந்தப் படத்தை நீ எடுத்தபோது நான் உள்ளே உங்கள் இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தேன். பம்பு கம்பெனியில் சாதாரண சூப்பர்வைசராக இருந்த ஒருவர், திருப்பூரில் மலிவாகக் கழித்துவிடுகிற செகண்ட்ஸ் துணி உடுத்தி, சைக்கிளில் வேலைக்குப் போய், ஓட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் கடனை அடைத்தார், ஐம்பதே வயதில் வேலையை விட்டு நிம்மதியாக ஓய்வும் பெற்றார் என்று எழுதியிருந்தாய். அவரைப் பார்த்துத்தான் நீயும் நாற்பதில் ஓய்வு பெறத் திட்டம் போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாய். "எதையும் இழக்காமல் இதைச் செய்ய முடியும்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு வரி: "அம்மாவும் ஒத்துழைத்தார்."

ஒத்துழைத்தேனாம். கண்ணு, நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அந்தக் கடனை வாங்கினோம். நீ பிளஸ் டூ படிக்கும்போது முடித்தோம். அந்தப் பதினோரு வருடமும் நான் சூலூரில் பஸ் ஏறிப் பல்லடத்தில் கோழிப்பண்ணைக் கம்பெனி ஆபீசுக்குக் கணக்கு எழுதப் போனேன். எத்தனை குஞ்சு போனது, எத்தனை மூட்டை தீவனம் வந்தது என்று எழுதி வாங்கிய சம்பளம் முழுசாகக் கடனுக்குப் போனது. உன் அப்பாவின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டியவரின் மகள் நான். எங்கள் உறவில் முதல் பட்டம் என்னுடையது. அந்தப் பட்டம் சம்பாதித்த பணம் உன் கதையில் எங்கே போயிற்று? "சூப்பர்வைசரின் சம்பளத்தில்" என்று எழுதினாயே, அந்த ஒரு சம்பளத்தில் அடைத்திருந்தால் இன்னும் தவணைதான் கட்டிக்கொண்டிருப்போம். நீ வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டாய். அதுதான் எனக்கு அதிகக் கோபம்.

எதையும் இழக்கவில்லை என்றாய். நம் புது வீட்டில் பால் காய்ச்சிய நாளிலிருந்து சொல்கிறேன். மகள் வீடு கட்டினால் பிறந்த வீட்டில் சீர் வைப்பது வழக்கம். உன் தாத்தா எனக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கித்தர ஆசைப்பட்டார். சோமனூர்க் கடையில் விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டு, எங்களிடம் சொல்ல வந்தார். உன் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மிசினு எதுக்குங்க மாமா? கரண்டு பில்லுக்கு ஆர் அழுவறது? பணமாக் குடுத்துருங்க, லோன்ல கட்டிப்போடலாம். வட்டி எத்தன மிச்சம் தெரியுங்களா?" மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட பிறகு மாமனார் என்ன செய்வார்? முன்பணத்தைத் திருப்பி வாங்கி, மீதியையும் சேர்த்துக் கவரில் போட்டு, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார். அந்தச் சீர் மறுவாரம் பாங்கிக்குப் போனது. அப்புறம் அவர் வரும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்ப்பார். "இன்னும் கல்லுத்தானா கண்ணு?" என்பார். "கல்லுல தொவச்சாத்தானுங்கப்பா எனக்கு அழுக்குப் போன மாதிரி இருக்குது" என்பேன். எண்ணெய்க் கறையோடு வருகிற கம்பெனி யூனிபார்ம், உன் பள்ளிக்கூடச் சட்டை, போர்வை எல்லாம் அந்தக் கல்லில்தான். ஆபீசில் பேனா பிடிக்கிற விரல் இடுக்கெல்லாம் வெடித்து மை பட்டால் எரியும். "ஏன் புள்ள, கையுறை போட்டுக்கலாமல்ல?" என்பார் உன் அப்பா. கையுறைக்கும் காசு வேண்டுமே என்று நான் சொல்வேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

பல் விஷயம் உனக்குத் தெரியாது. எனக்குக் கறி பிடிக்காது என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். செலவே வைக்காத அம்மா என்று பெருமை வேறு. உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் வீங்கியது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, ரூட் கேனல் செய்து மேலே மூடி போட்டுவிட்டால் பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றார். உன் அப்பா கேட்டார், "புடுங்கீட்டா எத்தனைங்க ஆகும் டாக்டர்?" டாக்டர் சொன்னார், "புடுங்கறது சீப்புத்தாங்க. அப்பறம் இவுங்க மெல்ல வேண்டாமுங்களா?" உன் அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "அதுக்கு இன்னொரு பக்கம் இருக்குதுங்கல்ல" என்றார். நர்ஸ் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டது. நானும்தான் சிரித்தேன், வீங்கின கன்னத்தோடு. ரெண்டு வருடம் கழித்து இன்னொரு பக்கமும் அதே கதை. அந்த மாதம் நாம் கடனில் கூடுதலாக ஒரு தொகை கட்டினோம். உன் அப்பா சந்தோஷமாக ஒரு கிலோ வெள்ளாட்டுக்கறி வாங்கிவந்தார். எனக்கு மெல்ல முடியவில்லை. சாறை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொண்டேன். "எனக்கு அத்தன புடிக்கறதில்ல கண்ணு, நீ சாப்புடு" என்று உன் தட்டில் வைத்தது அன்றைக்குத்தான் தொடங்கியது. எனக்குக் கறி பிடிக்கும். எங்கம்மா வைக்கிற கறிக்குழம்பின் மணத்துக்கே நான் அப்பா தறி ஓட்டிய குடோனிலிருந்து ஓடிவந்தவள்.

உன் அப்பாவைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. மழையிலும் சைக்கிள்தான், தேய்ந்த செருப்புத்தான். சின்ன வயதில் வாடகை வீட்டுக்காரர்கள் சாமான்களைத் தெருவில் எடுத்துவைத்ததைப் பார்த்து வளர்ந்தவர். பாங்கியில் பத்திரத்தைத் திருப்பி வாங்கிவந்த அன்று மஞ்சப்பையோடு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவர் அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. சொந்த வீட்டின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிக்கனத்திலும் சாயங்காலம் கம்பெனி ஆட்களோடு குடிக்கிற டீயும் ஒரு தட்டு பஜ்ஜியும் குறைந்ததில்லை. அதைச் செலவு என்று யாரும் நினைக்கவில்லை. "ஆம்பளைன்னா நாலு பேரப் பாக்கோணும்" என்றால் முடிந்தது. நான் பி.எட். படிக்கச் சீட்டு வாங்கியிருந்தேன், கண்ணு. வாத்தியாராக வேண்டும் என்று இல்லை. பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சத்தமாகப் பேசிப் பழகினால் இந்தக் கூச்சம் போகுமோ என்று ஓர் ஆசை. அதற்கு எடுத்துவைத்த பணம் வட்டி கூடிய வருடத்தில் கடனுக்குப் போனது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் உன் அப்பா. அந்த அடுத்த வருடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் அவர் ஓய்வு பெற்றார். அதையும் புகழ்ந்து எழுதியிருந்தாயே, நம் வீட்டில் அந்த ஓய்வு எப்படி நடக்கிறது என்று நீ பார்த்ததுண்டா? நீ காலையில் லேப்டாப் பையோடு கிளம்பிவிடுகிறாய். அவர் நடந்துவிட்டு வருவார், காபி. பேப்பர் படிப்பார், இன்னொரு காபி. செல்போனில் வருகிற வைத்தியக் குறிப்புகளைச் சத்தமாகப் படிப்பார், அதில் சொல்லியிருக்கிற கசாயம். "மத்தியானத்துக்கு என்ன புள்ள?" என்று பத்து மணிக்கே கேட்பார். அவர் வேலையை விட்ட மூன்றாவது மாதம் நானும் பல்லடம் போவதை நிறுத்தினேன். என்னை யாரும் வேலையிலிருந்து நிற்கச் சொல்லவில்லை. பகல் முழுக்க வீட்டில் ஓர் ஆள் ஓய்வாக இருந்தால் அவருக்குச் சோறு போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்காகூட மதில்மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "ஏனுங்க, உங்கூட்டுக்காரரு ரிட்டயர்டு ஆனதுல இருந்து நீங்க ஓவர்டைம் பாக்கறீங்களாட்டிருக்குது?" நான் சிரித்துவைத்தேன். சிரித்துவைப்பதில் எனக்கு நல்ல அனுபவம்.

இதையெல்லாம் நான் விட்டிருப்பேன். நீ எழுதியதைப் படித்தும் விட்டுத்தான் இருந்தேன். விட முடியாமல் போனது உன் கல்யாணம் பேசி முடித்த உப்புச்சக்கரை அன்று. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டு சம்பந்தத்தை உறுதி செய்த பிறகு, நம் வீட்டுக் கூடத்தில் உன் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ உன் திட்டத்தை விளக்கினாய். சரவணம்பட்டியில் நீ கடனில் வாங்கியிருக்கிற அடுக்குமாடி வீட்டைப் பற்றி அவர் கேட்டார். "அது வாடகைக்கு உட்டுருவனுங்க மாமா. நாங்க இங்கதான் அப்பாம்மாகூட. எங்களுக்கு வாடகைச் செலவில்ல. எங்கம்மா இருக்காங்க, சமையலுக்கு ஆளு வேண்டாம். கொழந்த பொறந்தாலும் டே கேர் வேண்டாம், அம்மாவே பாத்துக்குவாங்க. எங்க ரெண்டு பேரு சம்பளமும் வாடகையும் அப்படியே லோனுக்குப் போயிரும். நாப்பதுல நான் ரிட்டயர்டுங்க." உன் மாமனார் அசந்துபோனார். "பரவால்லீங்க மாப்ள, எல்லாத்தையும் கரெக்டா ரோசன பண்ணி வெச்சிருக்கறீங்க" என்றார். உன் அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் பலகாரத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். என்னைப் பெருமைப்படுத்திவிட்டதாக நினைத்தாய்.

நான் கல்யாணப் பெண் மோகனாவைப் பார்த்தேன். "ரெண்டு பேரு சம்பளமும்" என்று நீ சொன்னபோது அந்தப் பெண் சட்டென்று தலையைத் தூக்கினாள். ஆஸ்பத்திரி லேபில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண், தன் சம்பளத்தில்தான் தம்பியைக் கல்லூரியில் படிக்கவைக்கிறாள். அது உனக்குத் தெரியும். ஆனாலும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சம்பளத்தை உன் கடனில் கட்டிவிட்டாய். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து சமையல்கட்டுக்கு வந்து, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். அப்போது கேட்டாள்: "ஏனுங்கத்தை, மாமா ரிட்டயர்டு ஆயிட்டாங்க. இவுங்க நாப்பதுல ஆயிருவாங்களாமா. நீங்க எப்பங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கெல்லாம் ஏது அம்மிணி ரிட்டயர்மென்ட்டு!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஈரக் கையோடு நின்று என்னையே பார்த்தாள். "அப்ப எனக்குங்க?" என்றாள்.

கூடத்திலிருந்து காபி கேட்டு உன் அப்பா குரல் கொடுத்தார். நான் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வந்தவர்கள் போய், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகும் அந்தக் கேள்வி சமையல்கட்டிலேயே நின்றது. இத்தனை வருடத்தில் என் மகன் கேட்காத கேள்வியை, இன்னும் வீட்டுக்கு வராத பெண் டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டாள். நீ நாற்பதில் ஓய்வு பெறும்போது எனக்கு அறுபது தாண்டியிருக்கும். அதுவரை உங்களுக்குச் சமைத்து, உன் குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, உன் கடனை அடைக்கிற வேலையில் நான் இருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு ஆண்கள் வீட்டில் ஓய்வாக உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது உன் அப்பாவுக்கு நான் செய்வதை உனக்குச் செய்ய ஓர் ஆள் வேண்டுமே. அதற்குத்தான் மோகனாவா?

சேமிக்காதே என்று நான் சொல்லவில்லை. கடன் வைத்துக்கொண்டு ஊர் சுற்று என்றும் சொல்லவில்லை. நீ கார் வாங்காமல் இருப்பதும், செல்போனை மாற்றாமல் இருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. அது நீ விட்டுக்கொடுத்தது. அதற்கு நீ பெருமைப்படலாம். ஆனால் ஓட்டலில் சாப்பிடாமல் மிச்சம் பிடிக்கும்போது அந்தச் சாப்பாட்டை யாரோ வீட்டில் செய்கிறார்கள். வேலைக்கு ஆள் வைக்காமல் மிச்சம் பிடிக்கும்போது யாரோ குனிந்து பெருக்குகிறார்கள். அந்த யாரோ உன் திட்டத்தில் செலவாகவே வருவதில்லை என்றால், நீ பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை, கண்ணு. ஓர் ஆளைச் செலவு செய்துகொண்டிருக்கிறாய். உன் அப்பா அதைத் தெரியாமல் செய்தார். வாய் திறக்காமல் இருந்ததில் எனக்கும் பங்கு உண்டு. உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. இனிமேலும் செய்தால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

போன வாரம் பல்லடம் ஆபீசிலிருந்து பழைய மேனேஜரம்மா பேசினார்கள். கணக்குக்கு ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு நாற்பத்தாறுதானே ஆகிறது. கல்யாணம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் உன் அப்பாவிடம் போனேன். அந்த வரிசையில் நான் ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, நான் மறுக்கா வேலைக்குப் போறனுங்க."

"எதுக்கு புள்ள? கடனெல்லாந்தான் தீந்துபோச்சே."

"கடனுக்கில்லீங்க. எனக்கு."

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "மத்தியானம் சோறு?" என்றார்.

"அரிசி டப்பாவுல இருக்குதுங்க. குக்கரு மேடைமேல இருக்குது. தண்ணி கொழாயில வருது."

"என்ன, கிண்டலா?"

"இல்லீங்க. வழி சொல்றேன்."

அன்று இரண்டாவது காபி கேட்காமலே டீக்கடைக்குப் போய்விட்டார். மறுநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சமையல்கட்டு ஜன்னல் வழியாக, "எத்தன விசிலு உடோணும்?" என்று கத்தினார். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அதில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு, டீக்கடையில் போய், "நம்மூட்டுல இன்னைக்கு நான்தான் சமையலு" என்று பெருமையடித்துவிட்டு வந்தார். ஆகவே அந்தப் பக்கத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. அவர் கற்றுக்கொள்வார். முதல் சம்பளத்தில் நான் பல் கட்டிக்கொள்ளப் போகிறேன். அந்தச் சம்பளத்தில் யாரும் கடன் கட்ட வரக்கூடாது. இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் கேட்க வேண்டியதை மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை. ஒரே மகன். எந்த அம்மாவும் கேட்கக்கூடாது என்று உறவெல்லாம் சொல்லப்போவதைத்தான் கேட்கிறேன். கல்யாணம் முடிந்து மறுவீடு போய் வந்ததும், சரவணம்பட்டி வீட்டை வாடகைக்கு விடாதே. நீயும் மோகனாவும் அங்கே குடிபோங்கள். அங்கே அவள் டியூட்டி முடிந்து வரும்போது நீ சமைத்து வை. நீ வரும்போது அவள் சமைக்கட்டும். இருவருக்கும் முடியாத நாளில் கடையில் வாங்கிச் சாப்பிடுங்கள். அவள் சம்பளத்தில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு தம்பிக்கு என்பதை அவளே சொல்லட்டும். குழந்தை வந்தால் நான் வந்து கொஞ்சுவேன். வளர்ப்பது நீங்கள் இரண்டு பேரும்தான். "வந்த பொண்ணு பையனப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா" என்று எவராவது வாயைத் திறந்தால், போகச் சொன்னது எங்கம்மா என்று அந்த இடத்திலேயே சொல். அதைச் சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதே.

வாடகை வராது. கடன் முடிவது தள்ளிப்போகும். நாற்பது என்பது நாற்பத்தாறு ஆகலாம். ஆகட்டும், கண்ணு. அந்த வருடங்களை நீயே வேலை செய்து முடி. உன் திட்டத்தில் அவை என் வயதிலிருந்து போவதாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வாருங்கள். கறி எடுப்போம், உன் அப்பா வெங்காயம் உரிப்பார். மற்ற நாட்களில் வருவதாக இருந்தால் மட்டும் ஒரு போன் செய்துவிட்டு வா. நான் வேலைக்குப் போயிருப்பேன்.

அம்மா